புதுச்சேரியில் புகார் தேடிய நான்கு நாள்

புதுச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னதும் ஈப்போவில் என்னோடு வேலை செய்பவர்கள் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். ஒருத்திக்கு ஊதுபத்தி, ஒருத்திக்குத் தோல் பை, என் தங்கைக்குக் கடற்கரையில் நான் தொப்பி போட்டு நிற்கிற படம். ஏதோ நான் உல்லாசப் பயணம் போகிற மாதிரி! நான் போனது புகார்களைப் பார்வையிட.

மருத்துவத் திட்டங்களுக்குத் தரச்சான்று கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் பதினெட்டு வருடமாக மதிப்பீட்டாளராக இருக்கிறேன். உறுப்பினர்கள் மாதாமாதம் சந்தா கட்டுவார்கள். திட்டம் தனக்கென்று டாக்டர்களையும் ஆஸ்பத்திரிகளையும் ஏற்பாடு செய்து அவர்களைக் கவனித்துக்கொள்ளும். அது ஒழுங்காக நடக்கிறதா என்று அளந்து பார்ப்பது என் பிழைப்பு. அடுத்த வீட்டு அடுக்களைக்குள் போய் உப்பு சரியா, உறைப்பு சரியா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் திரும்புகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரித் திட்டத்தின் அலுவலகம் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. செயலாளர் ஏகாம்பரம் படிக்கட்டின் கீழேயே நின்றிருந்தார். அந்தக் காலத்தில் மில்லில் குமாஸ்தாவாக இருந்தவர். மில் மூடிய பிறகு அதே தொழிலாளர் குடும்பங்களைச் சேர்த்து இந்தத் திட்டத்தை நடத்துகிறார். நான் உட்கார்ந்தால்தான் உட்காருவேன் என்று நின்றார். நானோ அவர் உட்காரட்டும் என்று நின்றேன். முதல் மூன்று நிமிடம் இப்படிப் போயிற்று.

கோப்புகள் என்னவோ அருமையாக இருந்தன. யாருக்குச் சர்க்கரை, எப்போது ரத்தம் எடுத்தார்கள், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி, எல்லாம் நூல் பிடித்த மாதிரி. கோலாலம்பூரில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் பெரிய திட்டங்கள்கூட இப்படி வைத்திருப்பதில்லை. கடைசியாகப் புகார்ப் பதிவேட்டைக் கேட்டேன். ஏகாம்பரம் இரண்டு கையாலும் நீட்டினார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, சந்தனப் பொட்டு. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

"அஞ்சு வருஷமா ஒரு பொகாரு கெடையாது மேடம்" என்றார். மகன் கலெக்டர் ஆன தகப்பன் முகம்.

நான் மெதுவாக விளக்கினேன். புகாரே இல்லையென்றால் அந்த விதியில் தோல்வி. குறைந்தது ஒரு புகாராவது வந்திருக்க வேண்டும், பதிவாகியிருக்க வேண்டும், விசாரித்துப் பரிகாரம் செய்திருக்க வேண்டும், திருப்தி என்று புகார் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்த ஒரு விதி விட்டுப்போனாலும் சான்று கிடையாது.

"அப்போ நாங்க தப்பு பண்ணியிருந்தா பாஸ் ஆயிருப்போமா?"

"தப்புப் பண்ணி, அதை எழுதி, திருத்தியிருந்தால்."

ஏகாம்பரம் தலையைப் பிடித்துக்கொண்டார். மூலையில் நின்றிருந்த நர்ஸ் அமலோற்பவம் முன்னால் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். உறுப்பினர் வீடுகளுக்கெல்லாம் ஸ்கூட்டரில் போய் வருகிறவள். "சான்று இல்லன்னா ஒண்ணாந்தேதியில இருந்து ஆஸ்பத்திரியில நம்ம அட்டைய எடுக்க மாட்டாங்க மேடம். மத்தவங்க எப்படியோ சமாளிச்சிப்பாங்க. டயாலிசிஸ்காரங்க பதினோரு பேரு இருக்குறாங்க. வாரத்துல மூணு நாளு மெஷின்ல படுக்கணும். அவங்களால தள்ளிப் போட முடியாது" என்றாள். ஒன்றாம் தேதிக்கு ஏழு நாள் இருந்தது. விதியை நான் போடவில்லை என்றேன். அது பொய். அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

அன்று மாலை மனம் சரியில்லாமல் கடற்கரைச் சாலையில் நடந்தேன். ஒரு பெஞ்சில் இரண்டு முதியவர்கள் பிரெஞ்சில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஆட்டோவை நிறுத்தியிருந்தவரிடம் என்ன சண்டை என்று கேட்டேன். "சண்டை இல்லக்கா. ரெண்டு பேரும் சொல்தா. பிரான்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவங்க. அவருக்குப் பல்லு செட்டுக்குக் காசு வரலயாம். மூணு வருஷமா பாரிசுக்குப் பொகாரு எழுதுறாராம். இவரு மூக்குக் கண்ணாடிக்கு எழுதுறாராம்" என்றார். மூன்று வருடம் விடாமல் புகார் எழுதும் மனிதர்! அவர் இந்தத் திட்டத்தில் உறுப்பினராக இல்லையே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த ஏக்கத்திலேயே நீள ரொட்டியை மீன் குழம்பில் தோய்த்து இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் காலை இட்லி வடகறியோடு பசியாறிவிட்டு அமலோற்பவத்தின் ஸ்கூட்டரில் ஏறினேன். உறுப்பினர் பட்டியலில் குலுக்கல் முறையில் ஒன்பது பேரைத் தேர்ந்திருந்தேன். நேரில் போய் அவர்கள் திருப்தியை அளக்க வேண்டும். "மொதல்ல மார்க்கெட்ல மீன் வாங்கிட்டுப் போயிடலாம் மேடம், அஞ்சு நிமிஷம்" என்றாள். ஐந்து நிமிடம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மீன் பகுதிக்குள் அவள் தலை தெரிந்ததும் நாலு பக்கத்திலிருந்தும் குரல் எழுந்தது. "ஏ அமலு! அந்த டாக்டரு குடுத்த மாத்திரை வவுத்த கலக்குது, நீ என்னா பண்ற?" என்று தேங்காய்த்திட்டிலிருந்து வரும் மீன்காரப் பெண் ஒருத்தி கத்தியை நீட்டிக் கேட்டாள். அமலோற்பவம் அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டாள். மாத்திரை மாறியது. மீன் செதில் எடுத்து முடிவதற்குள் மருந்துக்கடைக்கும் சொல்லியாயிற்று. அடுத்து ஸ்கேன் தேதி தள்ளிப்போன கதை. அடுத்து, ரத்தம் எடுக்கும் பையன் முரட்டுத்தனமாகக் குத்துகிறான் என்று ஒரு அம்மா முழங்கையைக் காட்டினாள். பையனுக்கு அங்கிருந்தே போனில் அர்ச்சனை நடந்தது. என் கடிகாரத்தில் ஒவ்வொன்றுக்கும் நேரம் பார்த்தேன். எங்கள் விதி பதினைந்து நாள் அவகாசம் கொடுக்கிறது. இங்கே வஞ்சிரம் நறுக்குகிற நேரம்கூட ஆகவில்லை.

"இதெல்லாம் புகார்தானே? ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிபோனத எதுக்கு மேடம் எழுதணும்? எழுதுனா அந்தப் பையனுக்குப் பேரு கெட்டுடும். அவன் எங்க தெருவு" என்றாள்.

எழுதாத புகார் எங்கள் கணக்கில் புகாரே அல்ல. மேலும், நான் நிற்கும்போது நடந்ததை நானே சாட்சியாக ஏற்க முடியாது. அதற்கும் ஒரு விதி இருக்கிறது.

பிறகு வீடு வீடாகப் போனோம். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மதிப்பிடப் போகிற இடத்தில் மதிப்பீட்டாளர் எதையும் உண்ணவோ பருகவோ கூடாது. தேநீர் தயவாகி, தயவு மதிப்பெண்ணாகிவிடும் என்ற பயம். அதனால் என் பையில் எப்போதும் என் தண்ணீர் பாட்டில் இருக்கும். முதல் வீட்டில் காப்பி வந்தது, வேண்டாம் என்றேன். இரண்டாவது வீட்டில் மோர், வேண்டாம். மூன்றாவது வீட்டில் ரோஸ்மில்க், அதைப் பார்த்ததும் நாக்கு ஊறியது, ஆனாலும் வேண்டாம். என் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கேள்வித்தாளைப் பிரிப்பேன்.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் சொல்லுங்கள் என்றால் ஒருவரும் நேராகச் சொல்லவில்லை. "மத்தவங்க எவ்ளோ குடுத்தாங்க?" என்றார் ஒருவர். ஒரு அம்மா பதினொன்று கொடுத்தாள். "பாஸ் மார்க்கு முப்பத்தஞ்சுதானே, அதையே போட்டுக்கங்க" என்றார் இன்னொருவர். ஆறாவது ஆள் நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவர். இறங்கி வந்து பேச நேரமில்லை, ஏறுங்க என்றார். லைஃப் ஜாக்கெட்டுக்குள் என்னைத் திணித்து ஏற்றிவிட்டார்கள். எஞ்சின் இரைச்சலில் என் கேள்விகளை நான் கத்த வேண்டியிருந்தது. அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கல்யாண கோஷ்டி ஒவ்வொரு கேள்விக்கும் "பத்து! பத்து!" என்று பதில் கத்தியது. திரும்பும்போது என் கேள்வித்தாளின் மூன்றாம் பக்கம் காயலில் மிதந்துகொண்டிருந்தது. ஈப்போவில் இந்த வேலையைக் குளிர்சாதன அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்வோம்.

ஒன்பதாவது ஆளின் வீடு முதலியார்பேட்டையில். கலியபெருமாள், மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் போய், செவ்வாய், வியாழன், சனி என்று மெஷினில் படுக்கிறவர். மனைவி தனபாக்கியம் பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறாள். அவளைத் தடுத்துவிட்டு அவரே சுவரைப் பிடித்தபடி உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். இடது கையில் ஊசி குத்துகிற இடம் கயிறு மாதிரி புடைத்திருந்தது. "தண்ணியாவது குடிங்கம்மா" என்றார். நான் வேண்டாம் என்று சிரித்துவிட்டு என் பாட்டிலை எடுத்தேன். சொம்பு கொஞ்ச நேரம் அவர் கையிலேயே இருந்தது. பிறகு கேள்வி கேட்டேன், பதில் சொன்னார், எல்லாவற்றுக்கும் பத்து. தனபாக்கியம் அதன்பிறகு பேசவே இல்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை அலுவலகத்தில் ஏகாம்பரம் குளித்து, பட்டை போட்டு, பூரித்துப்போய் நின்றார். மேசையில் இருபத்துமூன்று புகார்கள். "ராத்திரியோட ராத்திரியா சேத்துட்டேன் மேடம்!" ஒன்றை எடுத்துப் படித்தேன். 'நர்ஸ் அமலோற்பவம் அவர்கள் மிகவும் அன்பாகப் பேசிக்கொண்டே ஊசி போடுவதால் வலி தெரிவதில்லை. இதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.' இன்னொன்று பக்கத்து வீட்டுச் சேவல் பற்றியது. மற்றொன்றில் 'குறை ஏதும் இல்லை என்பதே எங்கள் பெருங்குறை' என்று எழுதி, கீழே முழுக் குடும்பமும் கையெழுத்துப் போட்டிருந்தது.

சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. கேட்டு வாங்கிய புகார் செல்லாது என்பதோடு, அதைக் கோப்பில் வைத்தால் மொத்தத் திட்டத்தையும் தகுதி நீக்கம் செய்ய வேண்டிவரும். எல்லாவற்றையும் அவரிடமே திருப்பிக் கொடுத்து, நான் பார்க்கவில்லை, எடுத்துப் போங்கள் என்றேன். மதிப்பீட்டாளராக என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் 'பார்க்கவில்லை' அது. ஏகாம்பரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் நிற்கும்போது அவர் உட்கார்ந்ததும் அதுதான் முதல் தடவை.

மத்தியானம் அறிக்கையில் 'நிறைவேறவில்லை' என்று எழுதத் தொடங்கினேன். அப்போது படிக்கட்டில் தடதடவென்று சத்தம். தனபாக்கியம் முன்னால், அவள் பின்னால் ஏழெட்டுப் பெண்கள். நேற்று நான் போன வீடுகள்தான். தனபாக்கியம் ஒரு நோட்டுத் தாளை மேசையில் வைத்தாள்.

"பொகாரு" என்றாள்.

ஏகாம்பரம் பாய்ந்து எழுந்தார். "அம்மா தாயே, வேணாம்னு போன்லயே கெஞ்சுனேனே! எடுத்துட்டுப் போம்மா. அவங்க மேல குடுத்தா நம்ம கதி என்னாவறது?" என்று அவள் கையைப் பிடிக்காத குறை.

அவங்க என்றால் நான். தாளைப் படித்தேன். திட்டத்தின் பேரில் வீட்டுக்கு வந்த அம்மா எட்டு வீட்டிலும் கை நனைக்கவில்லை, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, எங்கள் முன்னாலேயே சொந்தப் பாட்டிலை எடுத்துக் குடித்தார், இது எங்களுக்கு அவமானம் என்று எழுதியிருந்தது. முதல் கையெழுத்து கலியபெருமாள்.

"யாராவது எழுதச் சொன்னார்களா?" என்று கேட்டேன். கேட்டாக வேண்டும், விதி.

"சொல்லி எழுதுறதுக்கு நான் என்ன ஸ்கூல் புள்ளையா? எங்கப்பா காலத்துல டீக்கடையில எங்களுக்கு வேற டம்ளரு. அதெல்லாம் போயி எவ்ளோ நாளாச்சு. நேத்து நீங்க பாட்டில எடுத்ததும் எங்க வூட்டுக்காரருக்கு அது நெனப்பு வந்துடுச்சி. ராத்திரி சோறு எறங்கல. எங்க வூட்டுத் தண்ணி உங்களுக்கு ஆவாதா?"

என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியின் வீட்டு வாசலில் நின்று சிரட்டையில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர். அதை எனக்குச் சொல்லிச் சொல்லித்தான் படிக்க வைத்தார்கள். படித்து, விதி எழுதி, அந்த விதியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்து நான் செய்த காரியம் இது. வெட்கமாக இருந்தது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன், விதியை விளக்கினேன். விளக்க விளக்க அது இன்னும் கேவலமாகக் கேட்டது.

அமலோற்பவம்தான் முதலில் சுதாரித்தாள். பதிவேட்டைத் திறந்து, பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுதத் தொடங்கினாள். "மேடம், திட்டத்துக்காக வூட்டுக்கு வர்றவங்க யாரு மேல வேணா பொகாரு குடுக்கலாம்னு உங்க புக்லயே போட்டிருக்கு. இது நெஜப் பொகாரு" என்றாள். ஏகாம்பரத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் எல்லோருக்கும் டீ சொல்ல ஓடினார்.

"என்ன பரிகாரம் வேணும்?" என்று அமலோற்பவம் பதிவேட்டிலிருந்து தலை தூக்காமலே கேட்டாள்.

"கடுதாசில மன்னிப்புலாம் வேணாம். எல்லாருக்கும் சேத்து எங்க வூட்ல வந்து தண்ணி குடிக்கட்டும்" என்றாள் தனபாக்கியம். மற்ற பெண்கள் தலையாட்டினார்கள்.

கோலாலம்பூருக்குப் போன் போட்டேன். என் மேலாளர் சீனர், நல்ல மனிதர், ஆனால் விதியைக் கரைத்துக் குடித்தவர். "நீ தண்ணீர் குடித்தால் அன்பளிப்பு விதியை மீறுகிறாய். குடிக்காவிட்டால் புகாருக்குப் பரிகாரம் இல்லை. குடித்தாலும் உன் மேல் வந்த புகாருக்கு நீயே மதிப்பெண் போடுகிறாய்" என்றார். வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். இரண்டு மாதம் ஆகும் என்றார். ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது என்றேன். "எல்லாவற்றையும் நடந்தபடி எழுது. ஒளிக்காதே. குழுவில் நான் வாதாடுகிறேன். கொதிக்க வைத்த தண்ணீரா என்று மட்டும் பார்த்துக்கொள்" என்றார்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. முதலியார்பேட்டைக்கு ஆட்டோவில் போனோம். வழியில் டயர் பஞ்சர். நான், ஏகாம்பரம், பதிவேட்டைத் தலைக்குமேல் வெயிலுக்குப் பிடித்தபடி அமலோற்பவம், மூன்று பேரும் ஊர்வலம் மாதிரி நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது எனக்கு நிஜமாகவே தாகம்.

கலியபெருமாள் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். சொம்பும் டம்ளரும் தயாராக இருந்தன. ஜன்னலில் ஒரு சின்ன பாட்டிலில் பேனாவால் கோடு கோடாகப் போட்டிருந்தது. அது அவருடைய ஒரு நாள் தண்ணீர். மெஷினில் படுக்கிறவர்களுக்கு அளவுக்கு மேல் ஒரு மடக்கு ஆனாலும் மூச்சு முட்டும். இது எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். எத்தனையோ கோப்பில் அந்த அளவைச் சரிபார்த்திருக்கிறேன். இந்த மனிதர்தான் சொம்பு நிறைய எனக்கு எடுத்து வந்தார் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். நான் அவசரமாகக் குடிக்கப் போனேன்.

"மெதுவாம்மா. மெதுவா குடிங்க" என்றார். அவர் கண் என் தொண்டையிலேயே இருந்தது. நான் ஒவ்வொரு மடக்காக விழுங்கினேன். ஏகாம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சில்லுன்னு இருக்குதா?"

"இருக்கு ஐயா."

"பானைத் தண்ணி. காலைலயே புடிச்சி வெச்சேன்." இன்னொரு டம்ளர் ஊற்றினார். அதையும் குடித்தேன். அமலோற்பவம் பதிவேட்டை நீட்டினாள். கலியபெருமாள் 'திருப்தி' என்று கூட்டெழுத்தில் எழுதி, ஊசி ஏறாத கையால் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.

"மாசம் பொறந்தா செவ்வாக்கெழம வருது. அன்னிக்கு எனக்கு மெஷின் உண்டா?" என்று கேட்டார்.

முடிவை முன்கூட்டிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. குழு கூட வேண்டும், என் அறிக்கையைப் படிக்க வேண்டும், கை தூக்க வேண்டும்.

"உண்டு" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, சொம்பில் மிச்சமிருந்ததையும் என் டம்ளரில் ஊற்றினார்.